1970 ஷெவெல் எல்எஸ்6: இது காரோடு பிறந்த எஞ்சின்தானா? வாங்கும் முன் உதவி தேவை

#1 டேட்டன்_கார்த்தி (ஓஹையோ)

வணக்கம் நண்பர்களே. பத்து வருடமாகச் சேர்த்த காசில் ஒரு பழைய மசில் கார் வாங்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். இண்டியானாவில் ஒருவர் 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454 (454 கன அங்குல எஞ்சின்) விற்கிறார். கிரான்பெரி சிவப்பு, கறுப்புப் பட்டை, நாலு கியர் மேனுவல். எஞ்சின் எல்எஸ்6, 450 குதிரைத்திறன், ‘நம்பர் எல்லாம் மேட்சிங்’ என்கிறார். விலையையும் அதற்குத் தகுந்தபடிதான் சொல்கிறார்.

எஞ்சின் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பினார். டி0128சிஆர்வி என்று இருக்கிறது. பக்கத்திலேயே 10பி1 என்று தொடங்கி இன்னும் ஐந்து இலக்கம். டாஷ்போர்டில் உள்ள வின் எண்ணின் (காரின் அடையாள எண்) கடைசி இலக்கங்களும் அவையும் ஒன்றேதான். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு) இருக்கும் தகட்டில் 02சி. ஆனால் காகிதம் என்று எதுவுமே இல்லை. எண்பதுகளில் கை மாறியபோது எழுதிய ஒரு ரசீது மட்டும் இருக்கிறது.

நம்பர் சரியாக இருக்கிறதே, நம்பி முன்பணம் கொடுத்துவிடலாமா?

#2 பழைய_இரும்பு (மிச்சிகன்)

தம்பி, முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

டி என்றால் டொனவாண்டா. நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ பக்கத்தில் இருக்கும் ஷெவர்லே எஞ்சின் ஆலை. 0128 என்றால் ஜனவரி 28, எஞ்சினைப் பூட்டி முடித்த நாள். சிஆர்வி என்பது எந்த எஞ்சின் என்பதற்கான குறி. 1970 ஷெவெலில் எல்எஸ்6-க்கு சிஆர்வி, சிஆர்ஆர் என்ற இரண்டு குறிகள். 360 குதிரைத்திறன் எல்எஸ்5-க்கு சிஆர்டி, சிஆர்கியூ. அடுத்த வரிசையில் 1 என்பது ஷெவர்லே, 0 என்பது 1970, பி என்பது பால்டிமோர் ஆலை, மீதி காரின் வரிசை எண். தகட்டில் உள்ள 02சி, பிப்ரவரி மூன்றாம் வாரம் கார் உருவானதைச் சொல்கிறது. ஜனவரிக் கடைசியில் எஞ்சின், பிப்ரவரி நடுவில் கார். எழுத்தளவில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. போலி செய்பவன் முதலில் பொருத்தி வைப்பதே இந்த இரண்டு வரிகளைத்தான். எழுத்துப் பஞ்ச் செட் ஒன்றும் சுத்தியலும் இருந்தால் போதும், ஒரு மதிய நேர வேலை. 1970-இல் ஷெவர்லேயின் வின் எண்ணில் எஞ்சினுக்கென்று தனிக் குறி கிடையாது, அது வந்தது 1972-இல்தான். 13637 என்று தொடங்கினால் வி8 மாலிபு ஸ்போர்ட் கூப் என்று மட்டும் தெரியும். 307 என்ற சின்ன எஞ்சினோடு ஆலையை விட்டுப் போன வண்டியும் 13637தான், எல்எஸ்6 வண்டியும் 13637தான். ஃபயர்வால் தகட்டிலும் நிறம், சீட் துணி, ஆலை, தேதி இருக்குமே தவிர எஞ்சின் இருக்காது. எல்எஸ்6 மொத்தம் 4,475 என்று கணக்குச் சொல்கிறார்கள். அத்தனை குறைவாகச் செய்த பொருளை வின் எண்ணை மட்டும் பார்த்து நிரூபிக்க வழியில்லை. அதனால்தான் இந்த மாடலில் இவ்வளவு போலி.

#3 மோபார்_ராஜா (டெட்ராய்ட்)

இந்த விஷயத்தில் எங்கள் கிரைஸ்லர் ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள். பிளிமத், டாட்ஜ் எதுவாக இருந்தாலும் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970, 71 கார்களில் ஆர் என்றால் 426 ஹெமி, வி என்றால் 440 சிக்ஸ் பேக். ஃபோர்டுக்கும் வின் எண்ணிலேயே எஞ்சின் குறி உண்டு. கூடவே 1967-இலிருந்து ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளை வைத்துத் தயாரிக்கிற மார்ட்டி ரிப்போர்ட்டைக் காசு கொடுத்து வாங்கலாம். போன்டியாக்குக்குக்கூட பிஎச்எஸ் என்ற பதிவுச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்குத்தான் இப்படிக் கேட்டுப் பெற ஒரு பதிவேடு இல்லை.

#4 ரொறன்ரோ_சிவம் (கனடா)

கார்த்தி அண்ணை, அந்தக் கார் முதலில் கனடாவில் விற்கப்பட்டதா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். கனடாவில் விற்ற ஜிஎம் (ஷெவர்லேயின் தாய் நிறுவனம்) கார்களுக்கு ஜிஎம் கனடாவே பழைய பதிவைத் தேடிக் கடிதமாகத் தரும். வின் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கார் என்னென்ன ஆப்ஷனோடு போனது என்று வந்துவிடும். என்னுடைய 1969 கமாரோவுக்கு அப்படித்தான் எடுத்தேன். எஞ்சின் 327 என்று வந்தது. வித்தவர் 350 என்று சொல்லியிருந்தார். கடிதம் கையில் வந்த அன்று மனம் சரியில்லைத்தான். ஆனால் உண்மை தெரிந்த பிறகு அந்தக் காரோடு ஒரு நிம்மதி வந்தது.

#5 டேட்டன்_கார்த்தி

சிவம் அண்ணா, கேட்டுவிட்டேன். அமெரிக்காவிலேயே விற்ற வண்டிதானாம். அப்படியென்றால் இரும்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமா? எதைப் பார்ப்பது?

#6 வார்ப்பட_முருகேசன் (கோவை)

எனக்கு அமெரிக்கக் கார் தெரியாது. ஆனால் முப்பது வருடமாக வார்ப்பட ஆலையிலும் மெஷின் ஷாப்பிலும் வேலை பார்த்தவன். இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

எஞ்சினின் உடலான பிளாக்கில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். ஒன்று வார்ப்போடு வந்தது, மேலே புடைத்து நிற்கும். உருக்கிய இரும்பை ஊற்றும்போதே அச்சில் இருந்து வருவது அது. இன்னொன்று பிறகு பஞ்ச் வைத்து அடித்தது, உள்ளே பதிந்திருக்கும். பதிந்ததைத் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிப்பது சுலபம். புடைத்ததை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அரைத்து எடுத்தால் அந்த இடம் வழவழவென்று ஆகிவிடும். சுற்றிலும் மணல் அச்சின் சொரசொரப்பு இருக்கும்போது நடுவில் ஒரு வழவழப்பு கண்ணுக்குத் தப்பாது. பற்றவைத்து எழுப்பினாலும் நிறமும் தோலும் வேறாகத் தெரியும்.

அடுத்தது, பஞ்ச் அடித்த அந்தச் சமதளம். அந்தக் காலத்தில் பெரிய ஆலைகளில் பிளாக்கின் மேல்தளத்தைப் புரோச்சிங் பண்ணி எடுப்பார்கள். வரிசையாகப் பற்கள் உள்ள நீண்ட வெட்டுக்கருவி ஒரே இழுப்பில் இரும்பைச் சீவிக்கொண்டு போகும். அது போன திசையில் மயிரிழை போன்ற நேர்கோடுகள் விழும், ஒன்றுக்கொன்று இணையாக. கோடு விழுந்த பிறகுதான் எண்ணை அடிப்பார்கள். அதனால் கோடு எழுத்தின் விளிம்பு வரை வந்து, எழுத்தின் பள்ளத்தில் அறுந்து, மறுபக்கம் தொடரும். யாராவது பழைய எண்ணை அழித்திருந்தால் அந்தக் கோடுகளும் சேர்ந்தே போயிருக்கும். எமரித் தாளால் தேய்த்துப் புதிதாகக் கோடு இழுத்தால் ஆழம் ஒரே மாதிரி இருக்காது, கொஞ்சம் வளையும், ஓரத்தில் தேய்ந்து வழியும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எடுத்துப் போங்கள். விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள்.

இன்னொன்று. நம்ம ஊரில் வண்டி லோனுக்கு சேசிஸ் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அதையே இங்கேயும் செய்யுங்கள். போட்டோவில் வெளிச்சம் ஏமாற்றும். பென்சிலில் கோடும் எழுத்தின் ஆழமும் அப்படியே விழும்.

#7 பழைய_இரும்பு

முருகேசன் அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது இடங்களை மட்டும்தான்.

எண் அடித்த பேட், அதாவது அண்ணன் சொன்ன சமதளம், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குக் கீழே இருக்கும். கிராங்க்ஷாஃப்ட் போகிற திசையிலேயே, முன்னிருந்து பின்னாகக் கோடுகள் ஓட வேண்டும். குறுக்கே ஓடினாலோ வட்டமாக இருந்தாலோ அது ஆலையின் வேலை இல்லை. ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். பேட்டும் பிளாக்கின் மேல்தளமும் ஒரே மட்டம். எஞ்சினைப் பிரித்து மேல்தளத்தைச் சீவும்போது உண்மையான எண்ணும் சேர்ந்து போய்விடும். அதனால் பேட் வெறுமையாக இருந்தால் அது நேர்மையான எஞ்சினாக இருக்கலாம். கோடு இல்லாத பேட்டில் எண் மட்டும் பளிச்சென்று இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

பிளாக்கின் வார்ப்பு எண் 3963512 என்று இருக்க வேண்டும். அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். எல்எஸ்5-க்கும் அதே எண்தான், பின்னால் வந்த 454 எஞ்சின்களிலும் அதே எண் உண்டு. அதைவிட வார்ப்புத் தேதி முக்கியம். ஓர் எழுத்து மாதம், அடுத்து நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். ஏ ஜனவரி, பி பிப்ரவரி, இப்படியே எல் டிசம்பர் வரை. உங்கள் எஞ்சின் ஜனவரி 28-இல் பூட்டியது என்றால் பிளாக்கை அதற்கு முன் வார்த்திருக்க வேண்டும். டிசம்பர், இல்லை ஜனவரி முதல் பாதி. பேட்டில் பொய் எழுதுகிறவர்களில் பலர் வண்டிக்கு அடியில் படுத்து இந்தத் தேதியைப் பார்ப்பதில்லை.

வால்வு கவரைக் கழற்ற அனுமதி கேளுங்கள். ஹெட்டின் எண் உள்ளேதான் இருக்கிறது. எல்எஸ்6 என்றால் 3964291, செவ்வக போர்ட். எல்எஸ்5 என்றால் 3964290, நீள்வட்ட போர்ட். இன்டேக் மேனிஃபோல்ட் அலுமினியம், 3963569. மேலே ஹோலி 780 கார்புரேட்டர். எல்எஸ்6-க்கு சாலிட் லிஃப்டர் (வால்வைத் தள்ளும் பாகம்), அதனால் சூடான பிறகும் டிக் டிக் என்று ஒரு சத்தம் நிற்காமல் கேட்கும். ஆனால் இவை எல்லாமே கழற்றி மாட்டக்கூடிய பொருள்கள். எல்எஸ்5-இல் இவற்றைப் போட்டு எல்எஸ்6 ஆக்கிய வண்டிகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

கியர்பாக்ஸை விட்டுவிடாதீர்கள். மன்சி நாலு கியர் என்றால் அதன் கேஸிலும் வின் எண்ணின் பகுதி அடித்திருக்கும். பி எழுத்தில் தொடங்கும் தேதிக் குறியின் கடைசி எழுத்து சி என்றால் எம்22 என்ற வலுவான வகை. பெரும்பாலும் போலி செய்பவர்கள் எஞ்சினோடு நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாகக் காகிதம். எந்த எஞ்சின், என்னென்ன ஆப்ஷன் என்று எழுதி ஆலையில் வண்டியோடு சேர்த்து ஒட்டி அனுப்பிய பில்ட் ஷீட் பெட்ரோல் டேங்கின் மேலேயோ பின்சீட்டின் ஸ்பிரிங்குக்குள்ளேயோ இன்னும் மாட்டிக்கொண்டிருக்கலாம். பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.

#8 ஹேமா_ஆஸ்டின் (டெக்சாஸ்)

ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பாவும் நானும் சேர்ந்து வாங்கியது 1970 எல் கமினோ எஸ்எஸ். பிளாக் மாற்றியது. பேட்டில் சிஇ என்று தொடங்கும் எண். வாரண்டியில் எஞ்சின் போனால் டீலர் மாற்றிக் கொடுத்த சர்வீஸ் பிளாக்குக்கு அடிப்பது அது. வாங்கும்போதே எங்களுக்குத் தெரியும், விற்றவரும் மறைக்கவில்லை. எட்டு வருடமாக ஓட்டுகிறோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்பா அதில்தான் காபி குடிக்கப் போவார். பிறப்பு எஞ்சின் இல்லை என்பதற்காக எங்கள் சந்தோஷம் ஒரு துளியும் குறையவில்லை. கார்த்திக்கு ஓட்டத்தானே வேண்டும்?

#9 பழைய_இரும்பு

ஹேமா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சிஇ பிளாக் கௌரவமான பிளாக். 1970-இல் இந்த வண்டிகளை வாங்கியவர்கள் சும்மா நிறுத்தி வைக்கவா வாங்கினார்கள்? எஞ்சினை உடைத்தார்கள், மாற்றினார்கள். அது அந்த வண்டியின் வாழ்க்கை. பிளாக் மாறியிருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, மாறவில்லை என்று சொல்லிப் பிறப்பு எஞ்சினின் விலையைக் கேட்பதுதான் கோபம் வரவைக்கிறது. உங்களிடம் விற்றவர் உண்மையைச் சொல்லி, அதற்கான விலையை வாங்கினார். கார்த்தியிடமும் அப்படிச் சொல்கிறார்களா என்று பார்க்கத்தான் இவ்வளவு பாடு.

#10 டேட்டன்_கார்த்தி

சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்து மணி நேரம். விற்பவர் கொஞ்சமும் தடுக்கவில்லை, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியும் கொடுத்தார்.

முதலில் வின் தகடு. ஆறு இதழ் பூப் போன்ற ரிவெட் இரண்டும் அப்படியே, கழற்றிய அடையாளம் இல்லை. ஹீட்டர் பெட்டிக்கு ஓரத்தில் ஃபயர்வாலில் அடித்திருக்கும் ரகசிய எண்ணும் பாதி தெரிந்தது, பொருந்துகிறது. பாடி இந்த வின் எண்ணுக்கு உரியதுதான் என்று மனசு சமாதானமானது.

அப்புறம் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டைத் தளர்த்தி பேட்டைத் துடைத்தேன். முருகேசன் அண்ணன் சொன்னபடி விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். கோடுகள் இருந்தன, முன்னிருந்து பின்னாகத்தான் ஓடின. ஒரு நிமிடம் மகிழ்ந்துவிட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான், அந்தக் கோடுகள் எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த அளவு ஆழம் பேட்டின் ஓரத்தில் இல்லை என்று தெரிந்தது. ஓரமும் கூராக இல்லாமல் உருண்டு இருந்தது. 8 என்ற இலக்கத்தின் பள்ளத்துக்கு உள்ளேயும் இரண்டு கோடுகள் ஓடின. எண் அடித்த பிறகு யாரோ அதன் மேல் தேய்த்திருக்கிறார்கள். பென்சில் எடுத்த காகிதத்தில் அது இன்னும் தெளிவாக விழுந்தது.

அதற்குப் பிறகு வண்டிக்கு அடியில் படுத்தேன். பிளாக்கின் வார்ப்புத் தேதியில் எண்ணெயும் மண்ணும் கெட்டியாகப் பிடித்திருந்தது. பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தால், சி 5 0.

மார்ச் 5, 1970. எஞ்சினைப் பூட்டியது ஜனவரி 28 என்று மேலே எழுதியிருக்கிறது, கார் உருவானது பிப்ரவரியில். பிளாக்கை வார்த்ததோ மார்ச்சில்.

கை எல்லாம் எண்ணெயோடு அப்படியே அடியில் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். ரொம்ப கஷ்டமாக இருந்தது.

#11 வார்ப்பட_முருகேசன்

எழுத்துக்கு உள்ளே கோடு ஓடுகிறது என்றால் பேச்சே இல்லை தம்பி. வார்ப்புத் தேதி அதை உறுதி செய்துவிட்டது. ஊற்றாத இரும்பில் எண் அடிக்க முடியாது.

#12 மோபார்_ராஜா

விட்டுவிட்டு வாருங்கள் கார்த்தி. வேறு வண்டி கிடைக்கும்.

#13 டேட்டன்_கார்த்தி

நானும் அப்படித்தான் நினைத்துக் கிளம்பினேன். பழைய_இரும்பு அண்ணா கியர்பாக்ஸையும் பார்க்கச் சொன்னாரே என்று கடைசியாக ஒரு முறை எட்டிப் பார்த்தேன். எம்22தான். அதில் அடித்திருந்த வின் எண் பகுதி இந்தக் காரோடு பொருந்துகிறது. அந்த எழுத்துகள் கோணல்மாணலாக, ஒன்று ஆழமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தன. மேலே ஐம்பது வருட அழுக்கு படிந்திருந்தது. யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

மனசு கேட்கவில்லை. பின்சீட்டைத் தூக்கலாமா என்று கேட்டேன். ஸ்பிரிங்குக்குள் மடிந்து ஒரு காகிதம். எலி தின்றது போக முக்கால்வாசி மிச்சம். ஸ்பிரிங் கம்பி பட்ட இடமெல்லாம் துருவின் கோடு காகிதத்திலும் அதே வளைவில் பதிந்திருந்தது. வரிசை எண் இந்தக் காருடையது. எஞ்சின் கட்டத்தில் சிஆர்வி.

#14 பழைய_இரும்பு

இதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். கார்த்தி, அது எல்எஸ்6 ஆகவே பிறந்த கார்!

சந்தையில் புதிதாக அச்சடித்த பில்ட் ஷீட்டும் கிடைக்கிறது, அதனால் காகிதத்தை மட்டும் பார்த்து நான் நம்ப மாட்டேன். வேறு காரின் ஷீட் தவறி உள்ளே போவதும் சகஜம். ஆனால் கம்பியின் துரு அதே வளைவில் காகிதத்தில் பதிந்திருப்பதும், வரிசை எண் பொருந்துவதும், யாரும் தொடாத கியர்பாக்ஸ் அதே எண்ணைச் சொல்வதும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதில் என்னை வருத்துவது ஒன்றுதான். பிறப்பு பிளாக் எப்போதோ உடைந்திருக்கிறது. அதே வருடத்துப் பிளாக் ஒன்றைத் தேடிப் போட்டவர், பேட்டை அப்படியே விட்டிருந்தால் போதும். பின்சீட்டுக்கு அடியில் இருந்த காகிதமே காருக்குச் சாட்சி சொல்லியிருக்கும். அதைத் தேடிப் பார்க்காமல் பொய் எண் அடித்து, உண்மையான காரையே சந்தேகத்தில் நிறுத்திவிட்டார்.

விலை பேசுங்கள். எல்எஸ்6 ஆகப் பிறந்து, பிளாக் மாறிய கார். அந்த விலைக்கு மேல் ஒரு டாலர்கூட வேண்டாம். கையில் இருக்கும் ஆதாரம் எல்லாவற்றையும் விற்பவரிடம் காட்டியே பேசுங்கள்.

#15 டேட்டன்_கார்த்தி

காட்டினேன். பென்சில் காகிதம், வார்ப்புத் தேதியின் போட்டோ, பில்ட் ஷீட் மூன்றையும் பானெட்டின் மேல் வரிசையாக வைத்தேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. 2006-இல் பிறப்பு எஞ்சின் என்று நம்பித்தான் அவரும் வாங்கியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தபோது பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்பது நாள் கழித்து அவரே கூப்பிட்டு, நான் சொன்ன விலைக்குச் சம்மதித்தார்.

நேற்று வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி. பேட்டில் இருக்கும் அந்தப் பொய் எண்ணை என்ன செய்வது? அரைத்து எடுத்துவிடலாமா?

#16 ஹேமா_ஆஸ்டின்

வாழ்த்துகள் கார்த்தி! தொடாதீர்கள். நீங்கள் அரைத்தால் அடுத்து வருபவர் உங்களைத்தான் சந்தேகப்படுவார்.

#17 பழைய_இரும்பு

ஹேமா சொன்னதுதான். வின் எண் சம்பந்தப்பட்ட எதையும் அழிப்பது சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடும். அப்படியே இருக்கட்டும். பேட்டும் வார்ப்புத் தேதியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, பில்ட் ஷீட்டை அமிலம் இல்லாத உறையில் போட்டு, ‘இந்த பிளாக் காரோடு பிறந்தது அல்ல’ என்று உங்கள் கையெழுத்தில் தேதி போட்டு எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் விற்றாலும் அந்தப் பக்கம் வண்டியோடு போக வேண்டும்.

#18 டேட்டன்_கார்த்தி

எழுதி வைத்துவிட்டேன் அண்ணா. முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது, இரண்டாவது பக்கத்தில் முருகேசன் அண்ணன் சொல்லி எடுத்த பென்சில் காகிதம்.

ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டை இன்னும் இறுக்கவில்லை. நாளைக் காலை அதை முடித்துவிட்டு, மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போகிறோம். மகள் இப்போதே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்த டிக் டிக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.